ஓவிய மேதை ரூபன்ஸும் அவர் பட்டறையும்

உலகப் புகழ் பெற்ற ஓவியக்கூடங்களில், சுவரை மறைத்துத் தொங்கும் பெரிய ஓவியங்களின் அடியில் ஒரே ஒரு பெயர்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஓவியத்துக்காகப் பலகை இழைத்த தச்சரையும், நிறம் அரைத்த சிறுவனையும், வானத்தையும் மரங்களையும் தீட்டிய மாணவனையும் அந்தப் பெயர் நமக்குக் காட்டுவதில்லை. பலருடைய உழைப்பால் உருவான ஒன்றுக்கு ஒருவர் தம் பெயரைச் சூட்டிக் கொள்ளலாமா? இக்கேள்வி பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவையே தம் தூரிகையால் கவர்ந்த பீட்டர் பால் ரூபன்ஸ் என்ற ஓவியரிடம் அவர் காலத்திலேயே எழுப்பப்பட்டது. அவர் அதற்கு எவ்வாறு விடையளித்தார் என்பதை, அவருடைய வாழ்க்கையோடும் பட்டறையோடும் சேர்த்து இங்கே காண்போம்.

தாயின் அரவணைப்பில்

1577-ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று, புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு முந்திய நாளில், ஜெர்மனியில் சீகன் என்னும் ஊரில் ரூபன்ஸ் பிறந்தார். அப்புனிதர் இருவரின் பெயர்களே அவருக்கு இடப்பட்டன. தந்தை ஜான் ரூபன்ஸ் வழக்கறிஞர். சமயப் பூசல் காரணமாகத் தம் ஊராகிய ஆண்ட்வெர்ப் நகரை விட்டு வெளியேறியவர். அயல்நாட்டில் அவர் செய்த பெரும் தவறு ஒன்று அவரைச் சிறையில் தள்ளியது. தாய் மரியா மனம் உடைந்தாரேனும் கணவரை மன்னித்தார். ஆட்சியாளர்களுக்கு மனுவுக்கு மேல் மனு அனுப்பி, பிணைப்பணம் திரட்டி, அவரை மீட்டார். அந்த மன்னிப்பு இல்லாவிடில் நம் ஓவியர் பிறந்திருக்கவே மாட்டார்.

1587-இல் தந்தை இறந்ததும் தாய் தம் மக்களுடன் ஆண்ட்வெர்ப் திரும்பினார். அது இன்றைய பெல்ஜியத்தில் உள்ள துறைமுக நகரம். அன்று ஸ்பெயின் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சிறுவன் பீட்டர் அங்கே இலத்தீன் பள்ளியில் பயின்றான். உரோமைப் புலவர்களின் நூல்களில் வரும் தேவர், வீரர் கதைகள் அங்கேதான் அவன் உள்ளத்தில் பதிந்தன. சிறிது காலம் ஒரு சீமாட்டியின் அரண்மனையில் பணியாளனாக இருந்தபின், ஓவியமே தன் வழி என்று தாயிடம் கேட்டுப் பெற்றான். மூன்று ஆசிரியர்களிடம் அடுத்தடுத்துப் பயின்று, 1598-இல் புனித லூக்கா சங்கத்தில் தேர்ந்த ஓவியராகச் சேர்க்கப்பட்டார். ஓவியர்களின் பாதுகாவலரான புனித லூக்காவின் பெயரால் அமைந்த அச்சங்கமே நகரத்து ஓவியர்களின் தொழிலை நெறிப்படுத்தி வந்தது.

இத்தாலி கற்பித்த பாடங்கள்

1600-இல் இத்தாலி சென்ற ரூபன்ஸ் மாந்துவா கோமகனின் பணியில் அமர்ந்து எட்டு ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தார். பழைய உரோமைச் சிற்பங்களையும், மைக்கேலாஞ்சலோ, டிஷியன் முதலியோரின் ஓவியங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். அவ்வாறு சேர்த்த வரைபடங்கள் வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கருவூலமாக விளங்கின.

1603-இல் கோமகன் தம் பரிசுப் பொருள்களை ரூபன்ஸ் வசம் ஸ்பெயினுக்கு அனுப்பினார். அவற்றில் பல ஓவியங்கள் இருந்தன. வழியில் விடாது பெய்த மழையில் ஈரம் உள்ளே புகுந்து, கித்தான் உளுத்து, வண்ணம் உப்பிப் பெயர்ந்துவிட்டது. உள்ளூர் ஓவியர்களைத் துணைக்கு அழைத்து விரைவில் புதியன தீட்டிவிடலாம் என்று மாந்துவாவின் தூதர் யோசனை கூறினார். இருபத்தைந்தே வயதான ரூபன்ஸுக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. தம் கைவேலையோடு பிறர் கைவேலை கலந்து அடையாளம் கெடுவதை அவர் அஞ்சினார். பழுதானவற்றைத் தாமே செப்பனிட்டு, அறவே அழிந்த இரண்டுக்கு ஈடாகப் புதிய ஓவியம் ஒன்றையும் தீட்டிக் கொடுத்தார். பின்னாளில் நாட்டிலேயே பெரிய பட்டறையை நடத்தியவர் இவரே என்பதை நாம் நினைவில் கொள்வோம்.

உரோமையில் வல்லிசெல்லா மரியன்னை ஆலயத்தின் தலைமைப் பீடத்துக்கு அவர் தீட்டிய ஓவியம் மற்றொரு பாடம் கற்பித்தது. கித்தானில் தீட்டிய படத்தைப் பீடத்தில் வைத்தபோது, ஆலயத்தின் வெளிச்சம் அதன் பளபளப்பில் பட்டுத் தெறித்தது, உருவங்கள் தெரியவில்லை. ரூபன்ஸ் சோர்ந்துவிடவில்லை. ஒளியை உள்வாங்கும் கற்பலகையின் மேல் மீண்டும் புதிதாகத் தீட்டினார். ஓவியனின் கற்பனை எவ்வளவு உயர்ந்ததாயினும், அது நிற்கும் பொருளையும் இடத்தையும் அறியாவிட்டால் பயனில்லை என்பதை அவர் உணர்ந்தார்.

1608-இல் தாய் கடும் நோயுற்ற செய்தி கேட்டு ஊருக்கு விரைந்தார். அவர் வந்து சேருமுன் தாய் இறைவனடி சேர்ந்துவிட்டார். உரோமையில் ஏற்கப்படாத அந்த முதல் ஓவியத்தைத் தாயின் கல்லறை இருந்த புனித மிக்கேல் மடத்து ஆலயத்தில் மகன் வைத்தார்.

ஆண்ட்வெர்ப் பட்டறை

தாயை இழந்த ஊரிலேயே ரூபன்ஸ் தங்கிவிட்டார். 1609-இல் நாட்டை ஆண்ட ஆல்பர்ட், இசபெல்லா தம்பதியர் அவரை அரசவை ஓவியராக நியமித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் இசபெல்லா பிராண்ட் என்னும் மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டு வாங்கிய வீட்டோடு பெரிய ஓவியப் பட்டறையையும் கட்டினார். அங்கே கற்க வந்தோர் பலர். 1611-க்குள் நூறு பேருக்கு மேல் இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர்.

அவருடைய அன்றாட வாழ்க்கை ஒழுங்கு நிறைந்தது. காலை நான்கு மணிக்கு எழுவார். முதலில் திருப்பலி காண்பார். பின்னர் வேலையில் அமர்வார். அவர் தீட்டும்போது ஒருவர் அருகில் இருந்து பழைய இலத்தீன் நூல்களை வாசிப்பார். 1621-இல் பட்டறையைக் காண வந்த ஓட்டோ ஸ்பெர்லிங் என்ற டென்மார்க் மருத்துவர் வியந்து நின்றார். ரூபன்ஸ் ஒரே வேளையில் ஓவியம் தீட்டினார், நூல் வாசிக்கக் கேட்டார், கடிதமும் சொல்லி எழுதுவித்தார், வந்தவரோடு உரையாடவும் செய்தார். பக்கத்தில் ஒரு பெரிய கூடம், சன்னல்கள் இல்லை, கூரையின் நடுவில் இருந்த திறப்பு வழியாகவே வெளிச்சம் வந்தது. அங்கே இளம் ஓவியர் பலர், ரூபன்ஸ் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாக நிறம் தொட்டு வைத்த படங்களைத் தீட்டிக் கொண்டிருந்தனர். இறுதியில் ஆசிரியர் வந்து தம் தூரிகையால் முடித்து வைப்பார்.

பலகையும் பூச்சும்

இனி அந்தப் பட்டறையின் பொருள்களைச் சற்றே நெருங்கிக் காண்போம்.

சிறிய ஓவியங்களுக்கும் முன்வரைவுகளுக்கும் ரூபன்ஸ் ஓக் மரப்பலகையையே விரும்பினார். பால்டிக் கடலோரக் காடுகளிலிருந்து கப்பலில் வந்த மரம் அது. வளையாமலும் பிளவாமலும் இருக்க நன்கு உலர்த்தி, பல பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டுவார்கள். சங்கத்தின் அதிகாரி சோதித்து, குறையில்லை எனக் கண்டால் மட்டுமே பின்புறத்தில் நகரத்தின் முத்திரையைச் சூடு போடுவார். ஒரு கோட்டையும் இரு கைகளும் கொண்டது அம்முத்திரை. ஓவியத்தின் முதல் கை தச்சருடைய கையே என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

அடுத்தது வெண்பூச்சு. சீமைச் சுண்ணாம்புத் தூளை வஜ்ஜிரப் பசையில் குழைத்துப் பல முறை பூசி, காய்ந்தபின் தந்தம் போல வழவழப்பாகும் வரை சுரண்டித் தேய்ப்பார்கள். அதன் மேல் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தை மிக மெல்லியதாக, முரட்டுத் தூரிகையால் கோடுகோடாக இழுத்து விடுவார் ரூபன்ஸ். அந்தக் கோடுகளின் இடையே வெண்மை மின்னிக் கொண்டிருக்கும். அவருடைய பல முன்வரைவுகளில் இன்றும் இக்கோடுகளை வெறுங்கண்ணால் காணலாம். மனித உடலைத் தீட்டும்போது, ஒளி விழும் இடத்தில் வண்ணத்தைக் கெட்டியாக அப்புவார். நிழலில் பழுப்பு நிறத்தை நீர்க்கப் பூசி விட்டுவிடுவார். இரண்டுக்கும் இடையே, வெண்ணிறம் மெல்லிய திரைபோல் அடிநிறத்தின் மேல் படியும் இடத்தில் நீலச் சாயல் தோன்றும். அங்கே நீல நிறம் கலக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. தோலுக்கு அடியில் இரத்தம் ஓடுவது போன்ற உயிர்ப்பு இம்முறையால்தான் கிடைத்தது.

பெரிய படங்களுக்குக் கித்தானே ஏற்றது. அதைச் சுருட்டித் தொலைதூரம் அனுப்பலாம். பிரான்சு நாட்டு அரசி மரி தெ மெடிசியின் அரண்மனைக்கு 1622-க்கும் 1625-க்கும் இடையில் தீட்டிய 24 பெரும் ஓவியங்கள் கித்தானில் அமைந்தவையே.

நிறங்கள் பிறந்த விதம்

இன்று போலக் குழாயில் அடைத்த வண்ணம் அன்று கடையில் கிடையாது. கனிமத் தூள்களையும் சாயப் பொடிகளையும் கல்லின் மேல் ஆளிவிதை எண்ணெய் விட்டு, நம் வீட்டு அம்மியில் அரைப்பது போல, கற்குழவியால் மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். பட்டறையில் சேர்ந்த சிறுவர்களின் முதல் பாடம் இதுவே.

வெண்மைக்கு ஈய வெள்ளை. ஈயத் தகடுகளைச் சுருட்டி, காடி ஊற்றிய மண்பானைகளில் வைத்து, குதிரைச் சாணத்துக்குள் புதைப்பார்கள். வெப்பமும் ஆவியும் சேர்ந்து சில மாதங்களில் ஈயத்தின் மேல் வெண்பொருக்கு படியும். அது நஞ்சு, அதைச் செய்தோரின் உடல்நலம் கெட்டது. சிவப்புக்குப் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். பட்டு ஆடையின் ஆழ்ந்த செம்மைக்கு, மெக்சிகோவின் கள்ளிச் செடியில் வாழும் கோச்சினீல் பூச்சியின் சாயம். ஸ்பெயின் கப்பல்கள் அதைக் கொண்டு வந்தன. மஞ்சளுக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்த்துச் சுட்ட பொடி. பிற்காலத்தில் இந்த மஞ்சளின் செய்முறையை ஓவியர்கள் அடியோடு மறந்தனர்; 1941-இல்தான் மூனிக் நகர ஆய்வாளர் ஒருவர் அதை மீண்டும் இனங்கண்டார். விலையுயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானத்து லாப்பிஸ் லாசுலிக் கல்லிலிருந்து வந்தது. மலிவு நீலமாகிய ஸ்மால்ட் என்பது நீலக் கண்ணாடித் தூள். அது காலப்போக்கில் சாம்பலாக மங்கிவிடும். கருமைக்குச் சுட்ட எலும்பு. காவிக் கல்லும் மண்ணும் மற்ற நிறங்களைத் தந்தன.

எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுகிறது. எனவே அவசரப்படுத்த முடியாது. 1638-இல் புளோரன்சு நகரத்துக்கு ஓர் ஓவியத்தை அனுப்பிய ரூபன்ஸ், புதுப்படம் பெட்டிக்குள் நெடுநாள் அடைந்து கிடந்தால் வெண்மை மஞ்சளிக்கும் என்று கவலைப்பட்டு, அவ்வப்போது வெயிலில் வைத்தால் தெளிந்துவிடும் என்று கடிதத்தில் வழி சொன்னார். ஐரோப்பிய மன்னர்கள் போற்றிய மேதை, ஒரு நல்ல கைத்தொழிலாளியின் கவனத்தை இறுதிவரை இழக்கவில்லை.

புராணமும் விசுவாசமும்

நாள்தோறும் திருப்பலி காணும் ஒருவர் கிரேக்க, உரோமைப் புராணங்களை ஏன் தீட்டினார் என்று நாம் கேட்கலாம். அக்காலத்துக் கற்றோர் அத்தேவர்களை வணங்கவில்லை. போர், அமைதி, அறிவு, ஆணவம் போன்றவற்றைக் காட்டும் உருவகங்களாகவே கொண்டனர். அதே பட்டறையில் சிலுவை ஏற்றமும் சிலுவை இறக்கமும் தீட்டப்பட்டன. அவை இன்றும் ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் உள்ளன.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஓவியம் ஒன்றும் அப்பட்டறையிலிருந்து வந்தது. முத்துக்குளித்துறையில் உழைத்த சவேரியாரின் புதுமைகளை, அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்படுமுன்பே, 1617-18-இல் ஆண்ட்வெர்ப் இயேசு சபை ஆலயத்துக்காக ரூபன்ஸ் தீட்டினார். அந்தப் பெரிய படமும், அதற்கு முன் அவர் தம் கையால் தீட்டிய சிறிய முன்வரைவும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆசிரியரின் எண்ணம் எவ்வாறு பட்டறையின் பெருவேலையாக வளர்ந்தது என்பதற்கு அவ்விரண்டும் கண்கூடான சான்று.

யாருடைய கை?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். 1618-இல் சர் டட்லி கார்ல்டன் என்ற ஆங்கிலத் தூதரிடம் இருந்த பழஞ்சிற்பங்களை ரூபன்ஸ் விரும்பினார். அவற்றுக்கு ஈடாக ஓவியங்கள் தருவதாகக் கூறி ஒரு பட்டியல் அனுப்பினார். அதில் ஒவ்வொரு படத்துக்கும் நேராக, யாருடைய கை என்று குறித்திருந்தார். சில முழுவதும் தம் கையால் ஆனவை. சில மாணவர் தொடங்கித் தாம் திருத்தியவை. ஒன்றில் நிலக்காட்சி வேறொருவர் தீட்டியது. விலையும் அதற்கேற்ப வேறுபட்டது.

பட்டியலில் முதலாவது, கட்டுண்ட பிரமீதியஸ் ஓவியம். மனிதருக்கு நெருப்பைக் கொடுத்ததற்காகத் தேவர் தலைவன் அவனைப் பாறையில் பிணைத்தான். கழுகு ஒன்று வந்து அவன் ஈரலைக் கொத்துகிறது. இதற்கு விலை 500 புளோரின். உருவம் தம்முடையது என்றும், கழுகு பிரான்ஸ் ஸ்னைடர்ஸ் தீட்டியது என்றும் ரூபன்ஸ் எழுதினார். விலங்கு, பறவைகளைத் தீட்டுவதில் ஸ்னைடர்ஸ் வல்லவர். இறக்கை விரித்த அக்கழுகுதான் படத்தின் பாதி வலிமை. வாங்குபவர் கேளாமலே அதைச் சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லாது விட்டிருந்தால் யார் கண்டிருப்பார்? ஆயினும் ரூபன்ஸ் சொன்னார். தூதரோ பெரும்பாலும் முழுவதும் ரூபன்ஸ் கையால் ஆனவற்றையே தேர்ந்தெடுத்தார். உண்மையைச் சொன்னதால் சில படங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் அவருடைய சொல்லின் மேல் இருந்த நம்பிக்கை வளர்ந்தது. பிலடெல்பியா நகர அருங்காட்சியகத்தில் இன்று இருக்கும் அவ்வோவியத்தின் அருகே இருவர் பெயரும் காணப்படுகின்றன.

இது ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று. 1620-இல் ஆண்ட்வெர்ப் இயேசு சபையாருடன் 39 மேற்கூரை ஓவியங்களுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், முன்வரைவுகளை ரூபன்ஸ் தம் கையால் செய்வார் என்றும், பெரிய படங்களை வான் டைக் முதலிய மாணவர்கள் தீட்டுவார்கள் என்றும், குறைகளை ரூபன்ஸ் நிறைவு செய்வார் என்றும் வெளிப்படையாக எழுதப்பட்டது. அப்போது வான் டைக்குக்கு வயது இருபத்தொன்று. 1718-இல் இடி விழுந்த தீயில் அவ்வோவியங்கள் எரிந்தன. ஒப்பந்தத்தில் அந்த இளைஞரின் பெயர் நிலைத்துவிட்டது.

ஜான் பிரூகல் என்ற மூத்த ஓவியரோடும் ரூபன்ஸ் கைகோத்தார். வீனஸ், மார்ஸ் ஆகியோர் உருவங்களை ரூபன்ஸ் தீட்ட, சுற்றிலும் சிதறிக் கிடக்கும் கவசங்களையும் ஆயுதங்களையும் பிரூகல் நுணுக்கமாகத் தீட்டினார். 1625-இல் பிரூகல் கொள்ளை நோயில் மடிந்தபோது அவருடைய பிள்ளைகளுக்குக் காப்பாளரில் ஒருவராக நின்றவரும் ரூபன்ஸே.

துயரமும் சமாதானத் தூதும்

1623-இல் மூத்த மகள் கிளாரா செரீனா பன்னிரண்டு வயதில் இறந்தாள். அவளுடைய சின்னஞ்சிறு வயதில் தந்தை தீட்டிய சிறிய முகச்சித்திரம் ஒன்று உண்டு. கன்னங்கள் சிவந்து, நேராக நம்மைப் பார்க்கும் அந்தச் சிறுமியின் முகத்தில் பட்டறையின் வேறு எவர் கையும் படவில்லை என்றே காண்போருக்குத் தோன்றும். 1626-இல் மனைவி இசபெல்லாவும் மறைந்தார்.

துயரத்தில் ஆழ்ந்தவர் நாட்டுப் பணியில் இறங்கினார். பகைத்து நின்ற ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தூதராக 1629-இல் இலண்டன் சென்றார். அங்கே அவர் தீட்டி மன்னர் முதலாம் சார்லசுக்குப் பரிசளித்த ஓவியத்தில், போர்த் தேவனாகிய மார்ஸை அறிவுத் தேவதை மினர்வா தள்ளி நிறுத்த, அமைதி என்னும் தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். அருகில் நிற்கும் சிறுவர் சிறுமியர், ரூபன்ஸ் தங்கியிருந்த வீட்டுக்காரரின் பிள்ளைகள். 1630-இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. மன்னர் அவருக்கு வீரத்திருமகன் பட்டம் சூட்டினார். அவ்வாண்டின் இறுதியில் ஹெலெனா ஃபூர்மென்ட்டை மணந்து மீண்டும் இல்லறம் ஏற்றார்.

இறுதி ஆண்டுகள்

1636-இல் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப், மாட்ரிட் அருகே இருந்த தம் வேட்டை மாளிகைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட புராண ஓவியங்கள் கேட்டார். ரூபன்ஸின் விரல்களை அப்போது மூட்டு நோய் வாட்டிக் கொண்டிருந்தது. ஆயினும் ஒவ்வொரு கதைக்கும் சிறிய பலகையில் முன்வரைவை அவரே விரைந்து தீட்டினார். ஏறத்தாழ 14 படங்களைத் தாமே முடித்து, மற்றவற்றை யோர்டான்ஸ், கொர்னேலிஸ் டி வோஸ், குவெலினஸ் முதலிய நகரத்து ஓவியர்களுக்குப் பகிர்ந்தளித்தார். மெழுகுச் சிறகு உருகி வானிலிருந்து விழும் இக்காரஸின் முன்வரைவு ரூபன்ஸுடையது. பெரிய படம் யாக்கோப் பீட்டர் கோவி என்பவர் தீட்டியது. உதவி செய்தோர் பலர் அவ்வாறு தம் படங்களில் தம் பெயரையே எழுதினர். 1638-இல் அனைத்தும் மாட்ரிட் சென்றடைந்தன.

தம் உயிலில், இளமையில் சேர்த்த வரைபடங்களை உடனே விற்கலாகாது என்றும், மகன்களுள் எவரேனும் ஓவியரானாலோ, மகள்களுள் எவரேனும் ஓவியரை மணந்தாலோ அவருக்கே அவை சேர வேண்டும் என்றும் எழுதினார். அவ்வாறு எவரும் அமையவில்லை. 1657-இல் அவை விற்கப்பட்டன. 1640 மே 30 அன்று ரூபன்ஸ் இயற்கை எய்தினார். ஆண்ட்வெர்ப் புனித யாக்கோபு ஆலயத்தில் துயில்கிறார்.

இருபத்தைந்து வயதில் தம் கையோடு பிறர் கை கலப்பதை அஞ்சியவர், பின்னர் எத்தனையோ கைகளை ஒன்று சேர்த்தார். அச்சம் தீர்ந்தது எதனால்? கழுகு தீட்டியவரைக் கழுகுக்குரியவராகச் சொல்லத் துணிந்ததால் என்றே நாம் எண்ணுகிறோம். நம் பள்ளியிலும் ஒரு விழா, ஒரு கண்காட்சி, ஒரு நாடகம் எதுவும் ஒருவரால் ஆவதில்லை. திரை தைத்தவரும், வண்ணம் குழைத்தவரும், மேடை கூட்டியவரும் உண்டு. பாராட்டு நம்மைத் தேடி வரும் வேளையில் அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்ல நாம் பழகுவோமாக. அதனால் நம் புகழில் ஒரு துளியும் குறையாது என்பதற்கு ரூபன்ஸின் பெயரே சான்று.